பூச்சியம்மாவும் ஒரு பூச்சியமும்

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைச்சாவடி கலியபெருமாள் கைப்பேசியில் அழைத்தார். "சார், நம்ம பூச்சியம்மா போயிட்டாங்க" என்றார். எங்கள் அலுவலகத்தின் பூச்சியியல் அதிகாரி மரி தெரேஸை, சவுக்குத் தோப்புக்காரர்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, பூச்சியம்மாதான். இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அந்தத் தோப்புகளில்தான் அவரைச் சந்தித்திருப்பீர்கள்.

வெட்டி முடித்த தோப்பென்றால் அவருக்குக் கல்யாண வீடு. பச்சைக் கட்டையின் வாசனைக்கு வண்டு வரும், கட்டையில் பெருகும், பிறகு புதுக் கன்றுகளின் பட்டையைக் கடிக்கும். பைன் காடுகளில் இப்படி நடப்பதை ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்திருந்தார். "சவுக்கு பைன் ஜாதியே இல்லையே மேடம்" என்று நான் மடக்கினேன்.

"அது வண்டுக்குத் தெரியுமா?" என்றார்.

ஒரு வருஷம் கலியபெருமாள் தன் தோப்பை வெட்டிய கையோடு நட்ட கன்றெல்லாம் வண்டுக்குப் போனது. மழைக்கு முன் மறுபடி நடாவிட்டால் அந்த வருஷமே பாழ். மரி தெரேஸ் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கச் சொன்னார். பொறி டப்பாக்கள் வைத்து, வாராவாரம் போய் வண்டுகளை எண்ணினார். கடைசி வாரம் டப்பாக்கள் காலி. "பூச்சி: பூச்சியம்" என்று எழுதிக் கொடுத்தார். தட்டச்சு செய்தவன் நான். கவனமில்லாமல் கடைசி இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டேன். "பூச்சி: பூச்சி" என்று மேலே போனது. மேலதிகாரி நடவுக்குத் தடை போட்டு, தோப்பு முழுக்க மருந்தடிக்கவும் உத்தரவிட்டார்.

கலியபெருமாள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "இன்னா சார் இது? மழ வந்துடும், எப்ப நடறது?" அறிக்கையின் நகலை எடுத்து மரி தெரேஸிடம் நீட்டினேன்.

மரி தெரேஸ் கத்தவில்லை. காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பை எடுக்கச் சொன்னார். மேலதிகாரியைத் தோப்புக்கே கூட்டிப்போய், அவர் கையாலேயே டப்பாக்களைத் திறக்கவைத்தார். ஒவ்வொன்றும் காலி. "வுவாலா! இதோ பாருங்க!" என்று கையை விரித்தார். யாருடைய பிழை என்று அதிகாரி கேட்டார்.

"தமிழோட பிழை சார். பூச்சியத்துக்குள்ள பூச்சிய வெச்சது யாரு?"

அதிகாரியே சிரித்துவிட்டார். தடையும் மருந்து உத்தரவும் அங்கேயே நீங்கின.

மறுநாளே நட்டார்கள். மழையும் இறங்கியது. ஒரு கன்று விடாமல் பிடித்தது! ஐப்பசியில் அந்தப் பச்சை வரிசைகளுக்கு நடுவே மரி தெரேஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லும் தைரியம் கடைசிவரை எனக்கு வரவில்லை. இங்கே, உங்கள் முன்னால் சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வழக்கம். அறிக்கைகளில் நான் இப்போது பூச்சியம் என்று அடிப்பதில்லை. "ஒன்றுகூட இல்லை" என்று முழுசாக அடிக்கிறேன். அடிப்பதற்கு முன் தோப்புக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்க்கிறேன்.