எங்கள் வீட்டு அட்டை

போட்டி கூடாது என்பதில் எங்கள் சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் உறுதியாக இருந்தார்கள். அதனால்தான் அந்த வருடம் ஒரு மாதம் முழுக்கப் போட்டி போட்டார்கள்.

அப்போது நாங்கள் தோஹாவில், நஜ்மா பகுதியில், கீழே மளிகைக் கடையும் சலூனும் இருந்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் சேர்ந்து நடத்திய சிறிய சங்கம் அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பொதுக்குழு நாளில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் வந்திருக்கும் விருந்தினர்கள் முன்னால் மானம் போய்விடும் என்பதால், யாரை நிறுத்துவது என்று முன்கூட்டியே தங்களுக்குள் பேசி ஒருவரை முடிவு செய்துவிடுவார்கள். பொதுக்குழுவில் அவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்து, கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த வருடம் இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே மூன்று வெள்ளிக்கிழமைகள் கூட்டம் போடுவது, இருவரும் பேசுவது, உறுப்பினர்கள் அட்டையைத் தூக்கிக் காட்டுவது என்று ஏற்பாடாயிற்று. முதல் இரண்டு கூட்டமும் நாடி பிடித்துப் பார்க்க. மூன்றாவதில் எண்ணுவதுதான் முடிவு.

ஒருவர் என்ஜினியர். வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் என்ன படிக்கிறாய் என்று கேட்டுப் பதிலையும் காது கொடுத்துக் கேட்பார். கெட்டவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன். அவருடைய மகள் வர்ஷா என் வகுப்பில் படித்தாள். இன்னொருவர் என் சித்தப்பா. என்ஜினியர் வேலை பார்த்த அதே கம்பெனியில் சாரம் கட்டுகிறவர். தொழிற்பேட்டையில் கம்பெனி கேம்ப்பில், ஒரு அறையில் பத்துப் பேரில் ஒருவராக இருந்தார். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில். வரும்போது எனக்கு மோர் பாக்கெட் வாங்கிவருவார். வீட்டில் ஃப்ரிட்ஜ் நிறைய மோர் இருந்தாலும் வாங்கிவருவார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு அட்டை, கேம்ப்பில் அறைக்கு ஒரு அட்டை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி என்று நாலு பேருக்கு ஒன்று. சித்தப்பா அறையில் பத்து ஆம்பிளைகளுக்கு ஒன்று. இதை யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நாற்காலி அடுக்குவது, பந்தியில் பரிமாறுவது, மேடைக்குச் சீரியல் விளக்குப் போடுவது எல்லாம் அந்தப் பத்துப் பேர்தான்.

முதல் வெள்ளிக்கிழமை நஜ்மாவில் குடும்பங்கள் அதிகம் வந்திருந்தன. என்ஜினியர் அழகாகப் பேசினார். அட்டைகள் அவருக்கு மளமளவென்று உயர்ந்தன. சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டு அட்டையும் கேம்ப் அறைகளின் அட்டைகளும்தான். இரண்டாவது கூட்டம் தோஹாவுக்கு வடக்கே அல் கோர் என்ற ஊரில். அங்கே சித்தப்பா இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

“எங்க ரூம்ல பத்துப் பேரு. பத்துப் பேருக்கும் சேத்து ஒரு அட்டை. ஒருத்தன் நெனைக்கிறது மத்த ஒம்பது பேருக்குப் பிடிக்கலைன்னா அவன் வாயை மூடிக்கிறணும். நான் வந்தா ஆளுக்கொரு அட்டை. வேற ஒண்ணும் சொல்லத் தெரியலைங்க.”

அந்த வாரம் முழுக்க எங்கள் கட்டடத்தில் மனம் மாறாத ஆளே இல்லை. முதல் மாடிக்காரர் என்ஜினியர் பேச்சில் சொக்கிப்போய் அவர் பக்கம் இருந்தார். அல் கோரிலிருந்து திரும்பியதும் சித்தப்பா பக்கம் வந்தார். நடுவில் என்ஜினியர் வீட்டு மட்டன் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஒருநாள் மட்டும் அந்தப் பக்கம் போனார். இரண்டாவது மாடி அத்தை ஒருத்தி, என் கணவர் யாருக்குச் சொல்கிறாரோ அவருக்கு இல்லை என்று முடிவெடுத்திருந்தாள். அவள் கணவரும் தினம் ஒன்று சொன்னதால் அவளும் தினம் மாற வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் போட்டவர், அதைத் திருத்தித் திருத்தியே களைத்துப்போனார். எப்படிப் பார்த்தாலும் காற்று சித்தப்பா பக்கம்தான் வீசியது. கேம்ப்பிலிருந்து ஓர் ஆள் தலைவராவது அதுவரை நடக்காத காரியம். அவர் அறையிலேயே மூத்தவரான ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம், வெள்ளிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு அறுபது பேர் பஸ் பிடித்து வருகிறோம் என்று சொன்னார். அம்மா அன்று சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

நான் மனம் மாறியது வியாழக்கிழமை, பள்ளிக்கூட பஸ்ஸில். வர்ஷா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்க டாடி பிரசிடெண்ட் ஆனா பொங்கல் ஃபங்ஷன்ல நீயும் நானும்தான் காம்பியரிங். மம்மி ஓகே சொல்லிட்டாங்க. ப்ராமிஸ்.”

மேடை, மைக், பட்டுப் பாவாடை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காக சித்தப்பா தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லாரும்தான் அவருக்குத் தூக்கப்போகிறார்களே, நம் வீட்டு அட்டை ஒன்று குறைந்தால் என்ன வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவர் ஜெயிப்பார், வர்ஷாவுக்கும் நான் தூக்கியது தெரியும், மைக்கும் கிடைக்கும். பத்து வயதில் நான் போட்ட இந்தக் கணக்கைப் பெரியவர்களும் போடுவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

மூன்றாவது கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். அப்பாவுக்கு அன்று டூட்டி, மாலையில்தான் வந்து எங்களை அழைத்துப்போவதாக இருந்தது. அம்மா அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். எண்ணத் தொடங்கும் நேரம் பார்த்துத் தம்பி வீறிட்டு அழுதான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வகுப்பறைக்குப் பால் கொடுக்கப் போனாள். போகும்போது அட்டையை என் கையில் கொடுத்து, “சித்தப்பா பேரச் சொல்றப்ப தூக்கு” என்றாள். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தூக்கலாம் என்பதுதான் வழக்கம். ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

நான் எழுந்துபோய் இரண்டாவது வரிசையில் வர்ஷாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் என்ஜினியர் பெயரைச் சொன்னார்கள். சங்கச் செயலாளர் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக நடந்து எண்ணிக் குறித்துக்கொண்டு போனார். எங்கள் வரிசைக்கு வந்தார். நான் அட்டையைத் தூக்கினேன். நன்றாகவே தூக்கினேன், வர்ஷா பார்க்க வேண்டும் அல்லவா. செயலாளர் ஒரு கணம் என்னைப் பார்த்து நின்றார். பிறகு எண்ணினார்.

எனக்குப் பின்னால் ஒரு சலசலப்பு எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். முதல் மாடிக்காரர் தன் மனைவியிடம் ஏதோ குனிந்து கேட்டார். அடுத்த வரிசையில் ஒருவர், “அண்ணன் வீட்டு அட்டையே இங்கதான் தூக்குது, என்ன விசயமோ” என்று சொன்னது காதில் விழுந்தது. மடியில் கவிழ்த்து வைத்திருந்த அட்டை ஒன்று உயர்ந்தது. அப்புறம் அதன் பக்கத்து அட்டை. அல் கோர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். கூடப் பிறந்தவர் வீட்டிலேயே நம்பவில்லை என்றால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். செயலாளர் வரிசை வரிசையாகப் போகப் போக, அவருக்கு முன்னால் அட்டைகள் எழுந்துகொண்டே இருந்தன.

பின்வரிசையில் இருந்த கேம்ப் பெரியவர் எழுந்து நின்றார். “சின்னப்புள்ள தெரியாமத் தூக்கிருச்சு. முதல்லேருந்து எண்ணுங்க” என்றார். செயலாளர் என்னிடம் வந்து, யார் இப்படித் தூக்கச் சொன்னது என்று தன்மையாகத்தான் கேட்டார். நான் வர்ஷாவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே வந்துவிட்டாள். என் கையிலிருந்த அட்டை இன்னும் கீழே இறங்கவில்லை. அப்பாவின் கோபம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

சித்தப்பா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டு எழுந்தார்.

“நான்தேன் தூக்கச் சொன்னேன். பிள்ளை மேல தப்பில்ல. எண்ணுனது எண்ணுனதாவே இருக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. சித்தப்பா சொன்னால் அப்பா என்னை ஒன்றும் செய்ய முடியாது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். கேம்ப் பெரியவர் நின்றபடியே சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையிலிருந்த அறை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து சித்தப்பாவின் பெயரைச் சொன்னபோது அந்த அட்டை வெளியே வரவில்லை. பின்வரிசையிலும் ஒன்றிரண்டு அட்டைகள்தான் உயர்ந்தன.

பொங்கல் விழாவில் நான் மேடை ஏறினேன். வர்ஷா இங்கிலீஷில் பேச, நான் தமிழில் நாலு வரி எழுதிவைத்துப் படித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலி அடுக்க அந்த முறை கேம்ப்பிலிருந்து யாரும் வரவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. அவருக்கு டூட்டி என்று அம்மா சொன்னாள்.

அவர் அன்று சொன்ன அந்த வார்த்தையை கேம்ப்பில் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் காலேஜ் படிக்கும்போதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். ஃபோர்மேன் வேலைக்காக என்ஜினியரிடம் முன்பே பேசி முடித்துவிட்டான், நம்மை பஸ் பிடித்து வரவைத்துப் பல்லைக் காட்டவிட்டான் என்று பேசிக்கொண்டார்களாம். அறையில் அவரோடு சேர்ந்து சமைப்பதை நிறுத்திவிட்டார்கள். தனியாக ஒரு சட்டி வாங்கிச் சமைத்தார். ஃபோர்மேன் வேலை எதுவும் அவருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார், அது அந்தப் பேச்சை உண்மையாக்கியிருக்கும். ஆறு மாதத்தில் விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போனார். பிறகு சவுதியில் அல் கோபாருக்கு, வேறு கம்பெனிக்கு. இப்போதும் அங்கேதான். என் பிள்ளை சொன்னதைக் கேட்காமல் தூக்கிவிட்டாள் என்று அம்மாவோ, நானாகத்தான் தூக்கினேன் என்று நானோ, அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். அம்மா அப்பாவுக்குப் பயந்தாள். நானும் அந்தப் போனைச் செய்யவில்லை.

இப்போது சங்கத் தேர்தல் கைபேசியில் நடக்கிறது. ஆளுக்கொரு வாக்கு. அதை முதலில் கேட்டது யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒருமுறை சித்தப்பாவிடம் போனில் பேச்சை எடுத்தேன். அன்னைக்கு நான் வேணும்னேதான் தூக்குனேன் சித்தப்பா என்றேன். “தெரியும் ஆத்தா” என்றார். அதன் பிறகு அங்கே வெயில் எப்படி என்பதைப் பற்றிப் பேசினார்.

கூட்டம் முடிந்த அந்த மாலை அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “என் வீட்டு அட்டைய யாருக்குத் தூக்குறதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையாடா” என்று சித்தப்பாவிடம்தான் கேட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னையே பார்த்தாள், பிறகு தம்பியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வெளியே கேம்ப் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அறுபது பேரும் ஏறிவிட்டார்கள். சித்தப்பா கேட்டுக்குப் போய்க் கையை உயர்த்தினார். படியில் நின்ற பெரியவர் அவரைப் பார்த்தார், டிரைவரிடம் யல்லா, கிளம்பு என்றார், கதவு மூடிக்கொண்டது. பஸ் திரும்பி சாலையில் ஏறும்வரை சித்தப்பா அங்கேயே நின்றார்.

நான் எங்கள் காரின் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் நகர்ந்து, தம்பியின் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் செய்தேன். சித்தப்பா, இங்க வாங்க, எங்க கூடவே வந்துருங்க என்று கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து உடனே அசையவில்லை. அந்த பஸ் அவரை விட்டுவிட்டுப் போனதில் அன்று சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.