மேலே ஏறிய கோடுகள்

1. கோச்சடையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் அக்கா, தன் உளவியல் ஆராய்ச்சித் தரவுகளை என்னிடம் கொடுத்தார். நான் புள்ளியியல் படித்தவள்.
2. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு கேட்டபடி பார் கிராஃப் போட்டுக் கொடுத்தேன்.
3. மனசு கேட்காமல் இன்னொன்றும் போட்டேன்.
4. அந்த இன்னொன்றால் அத்தியாயம் கையெழுத்தாகாமல் திரும்பி வந்தது.

படுத்த படுக்கையாகிவிட்ட கணவரையோ மாமனாரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய ஆய்வு. கொட்டாம்பட்டியில் ஒரு கூடத்தில் வாரா வாரம் சுற்று ஊர்களிலிருந்து அவர்களைக் கூட்டிப் பேசவைத்தார் அக்கா. தொடங்கும் முன் ஒரு முறையும் முடிந்த பின் ஒரு முறையும் மன அழுத்தத்தைக் கேள்விகள் மூலம் அளந்திருந்தார். பார் கிராஃபில் இரண்டே பட்டைகள். முன், பின். பின்னது குட்டை. அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அது சராசரி. சராசரி எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு புள்ளிகள் வைத்து, நடுவே ஒரு கோடு இழுத்தேன். பெரும்பாலான கோடுகள் நன்றாகவே இறங்கின. சில மேலே ஏறின.

"பேசுனா குறையணும்லடி, இது என்ன ஏறுது?" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஊர் வாரியா கலர் மாத்திப் போடு" என்றார்.

போட்டேன். ஏறிய கோடுகள் அநேகமாக ஒரே நிறம்.

"இவுகல்லாம் ரெண்டு பஸ் மாறி வந்தவுக. உக்காந்ததும் மணியத்தான் பாப்பாக. வீட்ல கெடக்குற மனுசன் தண்ணி கேட்டா யாரு குடுப்பான்னு."

அதுதான் காரணம் என்று கிராஃப் சொல்லாது, தூரத்து ஊரும் ஏறிய அழுத்தமும் சேர்ந்து வருகின்றன என்று மட்டும்தான் சொல்லும் என்றேன். அதை அப்படியே எழுதினார்.

கைடு அம்மாவிடம் நானும் போனேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பூனை உருட்டுன நூல்கண்டு மாதிரி?" என் பக்கம் திரும்பி, "சாஃப்ட்வேர் தெரிஞ்ச புள்ள, அழகா போடுவன்னு நெனச்சேன்" என்றார்.

"பட்டைல அந்தப் பொம்பளைக தெரியல மேடம்" என்றார் அக்கா.

"தெரிய வேணாம்மா. பாக்குறவுக கேள்வி கேக்காம இருந்தா போதும். ஒனக்கு இருக்குறது இந்த மாசம் மட்டும்தான். இந்தக் கோட்டுப் படத்த நீக்கிட்டு வா, அப்பவே கையெழுத்துப் போடுறேன்."

இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அக்காவின் பதிவு ரத்தாகும். இத்தனை வருட உழைப்பு வீண். கல்லூரி வேலையும் அந்தப் பட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். எனக்கும் கண் எரிந்தது.

மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். "அந்தப் படத்த எடுக்குறது சின்ன வேலைக்கா. இப்பவே எடுத்துடட்டுமா?"

அவர் ஒரு படியில் உட்கார்ந்தார்.

"இதை எடுத்துட்டா, அடுத்து நடத்துறவுகளும் இந்தத் தூரத்துப் பொம்பளைகள அதே கூடத்துக்குத்தான்டி கூப்புடுவாக. நான் கூப்புட்டுத்தான அவுக வந்தாக." சாவியைத் தேடி எடுத்தபடி, "எனக்கு இன்னைக்கு இம்புட்டுதான் தெம்பு. நாளைக்குப் பேசுவோம்" என்று மேலே போனார்.

மறுநாளும் பேசவில்லை, அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. எடுக்கச் சொல்லி அவர் வரவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தியாயத்தில் இரண்டு படங்களும் இருக்கின்றன. கையெழுத்து இல்லை. மாதம் இன்னும் முடியவில்லை.