கை அக்காவின் பரீட்சை

கேள்வியை இரண்டு தடவை படிக்கிறாள். முதல் தடவை வேகமாக. இரண்டாம் தடவை சொல்லுக்குச் சொல் மூச்சு விட்டு. பிறகு பேனாவைத் தாளின் மேல் ஒரு விரல் உயரத்தில் நிறுத்திக்கொண்டு, "ம், சொல்லு" என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பார்வையில்லாத பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறான். பேனா இறங்குகிறது. அதற்கப்புறம் மூன்று மணி நேரத்துக்கு அவள் முகத்தில் ஒரு அபிப்பிராயமும் இருக்காது. வகுப்பறைச் சுவர்கூட அவளைவிட வெளிப்படையாகப் பேசும்.

பொதுத்தேர்வு நாட்களில் எங்கள் பள்ளியின் கீழ்த்தளத்தில் ஒரு தனி அறை ஒதுக்குவார்கள். பார்வையில்லாதவர்கள், கை நடுங்குகிறவர்கள், தேர்வுக்கு முதல் வாரம் பார்த்து விழுந்து கையை முறித்துக்கொண்ட புண்ணியவான்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்து பதிலை வாயால் சொல்ல, வேறொருவர் எழுதுவார். மேற்பார்வைக்கு என்னைப் போடுவார்கள். மாடிப்படியைப் பார்த்தாலே என் முழங்கால் அழும் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். அங்கே எழுத வரும் அவளுக்கு அரசாங்க பாஷையில் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். பிள்ளைகளுக்கு அவ்வளவு நீளம் எதற்கு? "இந்த வருஷம் உனக்குக் கை யாரு?" என்று கேட்டுக்கொள்வார்கள். அப்படித்தான் அவள் கை அக்கா ஆனாள்.

மற்ற நாட்களில் சலவைக் கடையின் முன்மேசையில் நிற்கிறாள். துணியை உதறி, பையைத் துழாவி, நம்பர் துண்டைக் குத்தி, சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிவிடுவாள். 'சட்டை ஒன்று. காலரில் கறை. வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்.' முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "அதையும் எழுதணுமாம்மா?" "அவர் சொன்னாருங்க." அவளைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

இந்தக் கை வேலைக்குப் பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம். அந்தத் தேர்வில் தேறாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேறியவரை உட்காரவைத்தால் பதிலைத் தானே போட்டுவிடுவார் என்று மேலிடத்துக்குப் பயம். நம் ஆள் பத்தாம் வகுப்புப் பாதியில் நின்றவள். அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, "ஒரே ஒரு வருஷம் கடைக்குப் போம்மா, அப்புறம் படிச்சுக்கலாம்" என்றாளாம் அம்மா. அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டே பாடங்களைப் பற்றிப் பேசுவாள். வேறு யாரும் படிப்பைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "வரலாறுன்னா எனக்கு ஜலதோஷம் பிடிச்ச குரல் டீச்சர். முதமுதல்ல சொன்ன தம்பிக்கு அன்னைக்கு மூக்கடைப்பு. இன்னைக்கும் எந்த ராஜா பேரைக் கேட்டாலும் மூக்காலதான் கேக்குது." அறிவியல் ஒரு அவசரக்காரப் பெண்ணின் குரல், செடி உணவு தயாரிப்பதைக்கூட ரயிலுக்குப் போகிறவள் மாதிரிச் சொல்லி முடித்தவள். கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுப் படிப்படியாகச் சொன்ன ஒரு பையனிடமிருந்து சமன்பாடு கற்றுக்கொண்டாள். வடிவியல் மட்டும் சுத்தமாகத் தெரியாது. படம் வரையும் கேள்வி அந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதனால் அவளுக்கும் கிடையாது. வரைபடமும் அப்படித்தான். ஒருநாள் என் மேசையில் உலக வரைபடத்தை விரித்தபோது குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் நிமிரவில்லை. "இந்த ரெண்டு நாடும் இவ்வளவு பக்கத்துலயா இருக்கு? சண்டை போட்டுக்கிட்டாங்கன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

அவளுக்கு ஆறாத ஒரு மனக்குறை உண்டு. ஒரு வருஷம் ஒரு பையன் இதயத்துக்கு மூன்று அறை என்று சொன்னான். நான்கு என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம்தான் அவசரக்காரி சொல்லி எழுதியிருந்தாள். ஆனால் கை புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. மூன்று என்றே எழுதினாள். பையன் அறிவியலில் நூலிழையில் தவறிப்போனான். "அந்த இன்னொரு அறை என் கையிலேயே தங்கிருச்சு டீச்சர்" என்று சொல்லும்போது உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வாள். விதிப்படிதானே செய்தாய் என்று நான் சமாதானம் சொன்னால், "விதிப்படிதான்" என்று ஒத்துக்கொள்வாள். சமாதானம் மட்டும் ஆகமாட்டாள்.

அவள் கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு. "எங்க வீட்டம்மா பாஸாகாத வருஷமே கிடையாது. சர்டிபிகேட் மட்டும் அடுத்தவங்க வீட்டுல இருக்கு" என்பார். அவர் சிரிக்கும்போது இவளும் சிரிப்பாள். எனக்குத்தான் வயிறு எரியும். போன வருஷம் அந்த எரிச்சலில் தனித்தேர்வர் விண்ணப்பத்தை நானே வாங்கி, கடை மேசையிலேயே நிரப்பி, கையெழுத்துப் போடவைத்தேன். "தேறிட்டா அப்புறம் யாருக்கும் கையா வர முடியாதே" என்று இழுத்தாள். "வராதே. கொஞ்ச நாள் உனக்கே கையா இரு" என்றேன்.

எழுதினாள். வடிவியலில் தட்டுத்தடுமாறி, வரைபடத்தில் ஒரு மலைத்தொடரைக் கடலுக்குள் தள்ளி, எப்படியோ எல்லாவற்றிலும் தேறினாள். தாய்மொழியில் மட்டும் போய்விட்டது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சலவைச் சீட்டைக்கூடப் பிழையில்லாமல் எழுதுகிறவள் தாய்மொழியிலா தவறுவாள்? போய்க் கேட்டேன். வாடிக்கையாளரின் கோட்டு ஒன்றை உதறிக்கொண்டே சொன்னாள்.

"மத்த பரீட்சைக்கெல்லாம் உள்ள யாராவது ஒருத்தர் சொன்னாங்க டீச்சர். வரலாறுக்கு அந்த மூக்கடைப்புத் தம்பி வந்துட்டான். இதுல கட்டுரையை முதல்ல முடிச்சுடலாம்னு பார்த்தா, 'உங்கள் வாழ்வில் நீங்கள் எடுத்த முடிவு ஒன்று'ன்னு கேட்டுட்டாங்க. ரெண்டு தடவை படிச்சேன். பேனாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். யாருமே சொல்லலை. மணி அடிச்சுட்டாங்க."

எத்தனையோ பிள்ளைகளின் அம்மாவை, லட்சியத்தை, மறக்க முடியாத நாளை அழகாக எழுதிக் கொடுத்தவள். தன் முறை வந்தபோது தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. திட்டாகத்தான் வெளியே வந்தது. துணைத்தேர்வு வரை தினமும் சாயங்காலம் கடைக்குப் போய்த் தலைப்புக் கொடுத்தேன். முதல் வாரம் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திறக்கவில்லை. இரண்டாம் வாரம், அப்பா விழுந்த நாளன்று கணக்கு நோட்டைப் பையில் வைத்து மூடியதைப் பற்றி நான்கு வரி எழுதினாள். வேறு யார் குரலும் அதில் இல்லை. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "சுமாரா இருக்கா?" என்று கேட்டவளின் காது மடல் சிவந்திருந்தது.

துணைத்தேர்வன்று அவளுக்கு மாடியில் இடம். எனக்கு வழக்கம்போலக் கீழே. என் அறையில் ஒரே ஒரு பெண், பார்வையில்லாதவள். அவளும் தாய்மொழிக்காகத்தான் வந்திருந்தாள். முதல் தேர்வில் அமைந்த கை மெதுவாக எழுதியதால் பாதிப் பதில் வாயோடே நின்றுவிட்டது. இதில் தேறினால் விடுதியோடு சேர்ந்த மேல்வகுப்பில் இடம் இருக்கிறது. தேறாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு. இன்றைக்கென்று ஏற்பாடு செய்திருந்த கையை, ஏற்கெனவே தேறியவன் என்று வாசலிலேயே அலுவலகத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னாலும் எழுத முடியாது. நான் எப்போதோ தேறித் தொலைத்தவள்.

அப்போது கை அக்கா ஹால் டிக்கெட்டும் கையுமாகப் படியேற வந்தாள். அந்த அழுகையைப் பார்த்தாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மேல போ. உன் பரீட்சை மேல நடக்குது."

"தெரியும் டீச்சர்."

"பைத்தியமா உனக்கு? இதை விட்டா பாடத்திட்டம் மாறிடும், அடுத்த வருஷம் எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுதணும்."

"தெரியும்." கண் நிறைந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இப்பதான் டீச்சர் சொந்தமா வர ஆரம்பிச்சுது. ராஸ்கல், இத்தனை வருஷம் வராம இப்பதான் வர ஆரம்பிச்சுது." யாரைத் திட்டினாள் என்று தெரியவில்லை. "அவ வாய் நிறையப் பதிலை வெச்சுக்கிட்டு நிக்கிறா. நான் மேல போய் உக்காந்தா இவ அம்மா அழற சத்தம்தான் கேக்கும். அதையா எழுதறது?"

அலுவலகத்தில் போய், தான் சும்மா வந்ததாகச் சொல்லிப் பெயரைக் கொடுத்தாள். தேறாதவள், தகுதியில் குறையில்லை. அந்தப் பெண்ணிடமும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று என்னிடம் கண்ணாலேயே கேட்டுக்கொண்டாள். மணி அடித்தது. மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டு, அடங்கியது.

"அக்கா, இன்னைக்கு உங்களுக்குக் கடை இல்லையா?" என்று, அம்மாவோடு சலவைக் கடைக்கு வந்து பழகியிருந்த அந்தப் பெண் கேட்டாள்.

"லீவுதான்."

கேள்வித்தாளைக் கொடுத்தேன். அவள் விடைத்தாளை விரித்து ஒரு கோடு போட்டாள். டெஸ்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோடு வளைந்தது. எழுத்துக் கோணினால் திருத்துகிறவர் பொறுமை இழப்பார் என்று அவளுக்குத் தெரியும். பையைத் திறந்து தன் ஹால் டிக்கெட்டை எடுத்தாள். இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். இன்னும் கனம் போதாதென்று எட்டாக மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். குனிந்து, டெஸ்க்கின் குட்டைக் காலைத் தூக்கி, அதை அடியில் வைத்தாள்.