அம்மா கடைசிவரை நம்பாத ஒன்று

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில், அம்மாவின் சந்தேகத்துக்கு ஒருமுறையாவது ஆளாகாதவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பீர்கள். வெங்காயம் எடை போட வந்த வியாபாரியின் தராசை அம்மா நம்பியதில்லை. எனக்கு வரன் கொண்டுவந்த பெரியவரை நம்பியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது இரண்டாம் முறை சாப்பிட அழைத்தால், "இவங்களுக்கு நம்மகிட்ட என்ன காரியம் ஆவணும்?" என்று என் காதருகே கேட்பார். இதைப் படித்து உங்களில் பலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்கு இன்னும் வலிக்கலாம். அந்தச் சிலரில் ஒருவருக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா பிறந்தது மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில். உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். அம்மா படிப்பில் கெட்டிக்காரர். பள்ளிப் படிப்பை முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுத் தபாலுக்காகக் காத்திருந்தார். "எடம் கெடைக்கல போலருக்கு" என்று அண்ணன் சொன்னார். அம்மாவும் நம்பினார். அடுத்த தை மாதம், சிறுவாச்சூருக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்துவிட்டார்.

எனக்குப் பெயர் வைக்கும் நாளில் வந்திருந்த மாமாவின் மனைவிதான் பேச்சுவாக்கில் உண்மையைச் சொல்லிவிட்டார். தபால் வந்திருக்கிறது. பெண்ணை விடுதிக்கு அனுப்ப மனமில்லாமல், சேரவேண்டிய நாள் கடக்கும்வரை மாமா அதை மறைத்து வைத்திருக்கிறார். மாமா இப்போது உயிரோடு இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. அதன் காரணம் போகப்போக உங்களுக்குத் தெரியும்.

அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். சுரங்கத்திலிருந்து அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலைகளுக்கு நாள்தோறும் நடை. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது லாரி கவிழ்ந்து, திருச்சியில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். பார்க்க வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம், "ஒண்ணும் ஆவாது, எழுந்து வந்துடுவாரு" என்றார்கள். அம்மா ஒருவர் முகத்தையும் நம்பவில்லை. ஒரு நாள் காலை, கட்டு மாற்ற வந்த நர்ஸை வராந்தாவில் வழிமறித்தார்.

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா. பொழைப்பாரா?"

அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டம்க்கா. ரெண்டு நாள் தாங்குனா பெரிசு. பொண்ணக் கூட்டியாந்து காட்டிடுங்க" என்றார்.

அப்பா போன பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா அந்த நர்ஸைப் பற்றியே பேசினார். "அத்தன பேருல அந்தப் பொண்ணு ஒருத்திதான் எங்கிட்டப் பொய் சொல்லல" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அதுமாரி வரணும்" என்பார். அம்மா என் எதிர்காலத்தைத் தீர்மானித்தது அந்த வராந்தாவில்தான்.

நான் தீர்மானித்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். அப்பாவின் காலில் கட்டுப் பிரித்த அன்று நான் மயங்கி விழுந்தேன். நினைவு திரும்பியபோது ஒரு பெஞ்சில் கிடந்தேன். வெயிலால் வந்த மயக்கம் என்று அம்மா நினைத்தார். இன்றுவரை எனக்கு ரத்தம் என்றால் கண் இருட்டும். இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அம்மா இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டு, என்னைப் பெரம்பலூருக்குப் படிக்க அனுப்பினார். டியூஷன் நடக்கும் வீட்டு வாசலில் உட்கார்ந்து, உள்ளே உண்மையிலேயே பாடம் நடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பக்கத்துத் தெருப் பெண் அன்போடு கொடுத்த கைடை, "பழைய பாடமா இருக்கும், ஒன்னக் கவுக்கப் பாக்குறா" என்று திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது, அதை மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டிச் சரிபார்த்தார். ஒருவரிடம் காட்டியது மற்றவருக்குத் தெரியாது. தெருவில் எல்லோரும் என்னை அதற்குள் 'நர்ஸம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

கலந்தாய்வுக்கான அழைப்பு தபாலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். தபால் என்றதும் அம்மாவுக்குப் பழையதெல்லாம் கிளம்பிவிட்டது. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்பார். "எங் கையிலதான் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது" என்று அவரிடம் எத்தனை முறை சொன்னாரோ தெரியாது.

அந்த நேரம் பார்த்து மீன்சுருட்டியில் ஒரு சாவு. அம்மா காலையில் போனவர் அன்று ஊர் திரும்பவில்லை. தபால் அன்றுதான் வந்தது. நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பூட்டிய வீட்டைப் பார்த்த தபால்காரர், அடுத்த வீட்டில் இருந்த என் சித்தப்பாவிடம், அதாவது அப்பாவின் தம்பியிடம், கொடுத்துவிட்டார். சித்தப்பா ஓட்டமும் நடையுமாகக் கிணற்றடிக்கு வந்தார்.

"பாப்பா, வந்துருச்சு! கையத் தொடச்சுட்டு வாங்கு. நனைஞ்சுரப் போவுது."

வாங்கினேன். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். எட்டு நாளில் சென்னைக்கு வரச் சொல்லியிருந்தது. அன்று மாலை வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டேன். அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றேன்.

இதுவரை நான் யாருக்கும் எழுத்தில் சொல்லாதது இது. அம்மாவின் அண்ணன் அம்மாவுக்குச் செய்ததை, மகளாகிய நான் அம்மாவுக்குச் செய்தேன்.

அந்த எட்டு நாளும் அம்மா பேருந்து நிறுத்தத்தில் நின்றார். பிறகும் நான்கு நாள் நின்றார். சொன்ன சொல்லை மீறியிருந்த தபால்காரர், அவர் பக்கம் திரும்பாமலே சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். பன்னிரண்டாம் நாள் தபால்காரரின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, "என்னய்யா, எம் பொண்ணு தபால வித்துட்டியா?" என்று சத்தம் போட்டார். அவர் பயந்துபோய், "அப்பவே வந்துருச்சேம்மா, ஒங்க கொழுந்தன்கிட்டக் குடுத்தேனே!" என்றார்.

அம்மா நேராகச் சித்தப்பா வீட்டு வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். தெரு கூடிவிட்டது.

"தபால வாங்குனியா இல்லியா?"

சித்தப்பா முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

"வாங்குனேன் அண்ணி. எங்கயோ வெச்சுட்டேன். மறந்து போயிட்டேன். தப்புதான்."

"மறந்துட்டியா? ஒம் புள்ளைங்க ரெண்டும் பெயிலாயிட்டு நிக்கிது. எம் பொண்ணு மேல போயிட்டா ஒனக்குத் தாங்காதே!"

சித்தி உள்ளேயிருந்து அழுதுகொண்டே வந்தார். சித்தப்பா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அம்மா என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனார். நாள் முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு விண்ணப்பியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் காளி கோயிலுக்குச் சித்தப்பாவை வரச் சொன்னார். வந்தார். கற்பூரத்தை ஏற்றி அவர் முன்னால் வைத்து அம்மா சொன்னார்:

"அந்தத் தபாலுக்கு என்னாச்சுன்னு ஆத்தா முன்னாடி சொல்லு. நீ என்ன சொன்னாலும் நம்புறேன். அதோட விட்டுடுறேன்."

அம்மா ஒருவரிடம் 'நம்புகிறேன்' என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அண்ணியிடம் பொய் சொல்ல முடிந்த சித்தப்பாவுக்குக் காளியிடம் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். கற்பூரம் எரிந்து அடங்கும்வரை நின்றுவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழும்பியது. சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் போட அம்மா கேட்டபோது, பெரம்பலூரிலேயே பி.எஸ்.சி. சேர்ந்துவிட்டேன், இதையே முடிக்கிறேன் என்றேன். "அவன் ஒம் மனசயும் கலைச்சுட்டான்" என்றார் அம்மா. மோட்டார் பழுதானால், மாடு சினை பிடிக்காவிட்டால், எல்லாவற்றிலும் சித்தப்பாவின் கையைக் கண்டார். அவர் தப்புச் செய்யவில்லை என்று தெரிந்த எனக்கோ வேறொரு சந்தேகம். எங்காவது வாய் திறந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று, எதிரில் வந்தால் சந்து மாறிப் போவேன். அம்மாவிடமிருந்து அந்தக் குணம் எனக்கு இப்படி வந்து சேர்ந்தது.

படித்து முடித்துத் தேர்வெழுதி, அரியலூர் மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவுக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் வந்தவர்களிடம், "நர்ஸா போயிருக்க வேண்டியவ" என்று சொல்லாமல் இருந்ததில்லை. முதல் மாதமே சித்தப்பாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன் சித்தப்பா அன்னைக்குச் சொல்லல?"

"அண்ணனும் போயி, அண்ணிக்கு ஒலகத்துல நம்புறதுக்குன்னு இருந்தது நீ ஒருத்தி. ஒன்னயும் நம்பாமப் போயிட்டா அவங்க எப்புடிம்மா இருப்பாங்க? என்னய நாலு நாளு திட்டுவாங்க, மறந்துடுவாங்கன்னு நெனச்சேன்." பிறகு மெல்லச் சிரித்தார். "நாலு நாளு கொஞ்சம் நீண்டு போச்சு."

உடனே அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மேலும் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் நாட்களில், மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பார். டாக்டர் சொன்னதை நர்ஸிடம் கேட்டு ஒத்துப் பார்ப்பார். ஒரு நாள் முற்பகல், வீட்டில் கட்டிலில் படுத்திருந்தவரின் காலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மயங்கி விழுந்தது, கிணற்றடி, அடுப்பு, எல்லாம்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"யாரு சொல்லிக் குடுத்தா? அவனா?"

"இல்லம்மா. சத்தியமா நான்தான் எரிச்சேன்."

"ஒனக்குப் பொய் சொல்ல வராது. அதான் மூஞ்சி இப்புடி வேர்க்குது." என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "நான் போறதுக்குள்ள நல்லவனாயிடணும்னு ஒன்னய அனுப்பிருக்கான். நீ வெள்ளந்தி. அவன் பேச்சக் கேக்காத."

எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட அம்மாவுக்கு, சந்தேகப்பட வேண்டிய ஒருத்தியைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்துச் சித்தப்பா இளநீரோடு வந்து வாசலில் நின்றார். அத்தனை ஆண்டுகளில் அவர் எங்கள் படியேறியது அன்றுதான். "வந்துட்டான் பாரு" என்றார் அம்மா. ஆனால் போகச் சொல்லவில்லை. டாக்டர் இளநீர் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் தடுக்கப் போனபோது அம்மா கையமர்த்தினார்.

"நீ மொதல்ல குடி" என்றார் சித்தப்பாவிடம்.

சித்தப்பா அண்ணாந்து இரண்டு வாய் குடித்துவிட்டுக் காயை நீட்டினார். அம்மா அவர் முகத்தையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வாங்கி, ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்த சித்தப்பா, சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அடுத்த வாரம் அம்மா காலமானார். கொள்ளி வைத்தது சித்தப்பாதான். அம்மா என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டேன்.

அம்மாவின் நோய்க்காலத்தில் அழைத்த நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த தம்பிக்கும், டயாலிசிஸ் பிரிவில் அம்மாவின் கேள்விகளுக்கு அலுக்காமல் பதில் சொன்ன செவிலியர்களுக்கும், ஈமக் காரியங்களுக்கு மீன்சுருட்டியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்து நின்ற உறவுகளுக்கும் என் கைகூப்பிய நன்றி. அம்மாவின் சொல்லால் நொந்தவர்கள், அந்தச் சந்தேகமெல்லாம் ஒரு பெண்பிள்ளையைக் கரையேற்ற அவர் பட்ட பாடு என்று எண்ணிப் பொறுத்தருளுங்கள். சித்தப்பாவைப் பற்றி இத்தனை காலம் நீங்கள் கேள்விப்பட்டது பொய். அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. சித்தப்பாவிடமும் சித்தியிடமும் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "வேணாம் பாப்பா, ஒம் பேரு கெட்டுடும்" என்றார். போடத்தான் போகிறேன் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி இருந்துருந்தா, இதயும் நான்தான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லிருப்பாங்க."