ரேடியேட்டரில் கட்டிய வேப்பிலை

கோம்பையைத் தாண்டியதும் ரேடியேட்டர் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பின்சீட்டில் கல்யாண மாப்பிள்ளை. தேவாரத்தில் முகூர்த்தம். வண்டியை ஓரங்கட்டினேன்.

பயம் எனக்குப் புதிதல்ல. வண்டி நன்றாக ஓடினாலே எங்கோ தப்பு நடக்கிறது என்று பயப்படுகிற ஆள் நான். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, கம்பத்து ஏலக்காய் முதலாளியின் கிட்டங்கியில் மூட்டை தூக்கி, பிறகு அவருடைய காருக்கு டிரைவர் ஆனேன்.

முதலாளி இறங்கி வந்தார். "ஏலே, முகூர்த்தத்துக்கு மாப்பிள்ள இல்லாம மேளமா அடிப்பாக? வண்டி போய்ச் சேரலைன்னா நாளைக்கு நீ மூட்ட தூக்கத்தான் வரணும், பாத்துக்க."

பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஹோஸ் பைப்பில் ஒழுக்கு இல்லை. ஆயிலும் சரியாக இருந்தது. ஆவி அடங்கியதும் தண்ணீர் ஊற்றினேன். முதலாளி வீட்டு அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"உஷ்ணம் தலைக்கேறிருச்சுப்பா. கண்ணுபட்ட வண்டி. காலையில கட்டுன வேப்பில பத்தல."

திருஷ்டிக்காகப் புறப்படும்போதே ரேடியேட்டரின் முகத்தில் ஒரு கொத்து கட்டியிருந்தார். இப்போது சாலையோர மரத்திலிருந்து இன்னும் இரண்டு கிளை ஒடிக்கச் சொன்னார். அம்மை போட்டவனுக்கே வேப்பிலை குளிர்ச்சி, எஞ்சினுக்கு ஆகாதா என்று நானும் இழுத்துக் கட்டினேன்.

கிளம்பியதும் முன்பைவிட வேகமாகக் கொதித்தது. அம்மா இன்னும் ஒரு கட்டு வைத்தார். பண்ணைப்புரத்துக்கு முன்னாலேயே வண்டி மறுபடி நின்றது. முன்பக்கம் பார்க்க வண்டி மாதிரியே இல்லை, சாமி வந்து ஆடப் போகிற ஆள் மாதிரி இருந்தது.

"எனக்கு மாலை போடறதுக்குள்ள வண்டிக்குக் காப்புக் கட்டிருவீக போல," என்றார் மாப்பிள்ளை.

அவர்கள் புளியமர நிழலுக்குப் போக, நான் தகர டின்னை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். திரும்பி வந்தால் ரேடியேட்டரைச் சுற்றி ஒரு கூட்டம் ஆடு. வேப்பிலை முக்கால்வாசி காலி.

"ஐயோ, ஆட்ட ஓட்டு ஆத்தா! அது அம்மனுக்குக் கட்டுனது!" என்று கத்தினேன்.

ஆடு மேய்க்கிற பெண் கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "மூஞ்சிக்கு நேரா தழையக் கட்டித் தொங்கவிட்டா ஆடு திங்காம என்னய்யா செய்யும்? வெத்தல வச்சு அழைக்கணுமா?"

சத்தம் கேட்டு எல்லோரும் வந்தார்கள். அம்மா வாயில் கைவைத்து நின்றுவிட்டார். முதலாளி, "அதெல்லாம் பெறகு பேசலாம், எட்றா வண்டிய!" என்றார். தண்ணீரை ஊற்றிக் கிளப்பினேன்.

இப்போது ஆவி வரும், இந்த மேட்டில் வரும் என்று மூடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். வரவில்லை. வராதது அதைவிடப் பயமாக இருந்தது. தேவாரத்தில் நுழைந்தபோது பெண் வீட்டார் தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நேராக மணவறைக்கு ஓடினார். தாலி கட்டும் கெட்டிமேளத்தை வண்டியருகே நின்று கேட்டேன்.

அப்புறம்தான் ரேடியேட்டர் முன்னால் குனிந்து பார்த்தேன். தகட்டு இடுக்குகளில் வேப்பங்காம்புகள் சிக்கியிருந்தன. காற்று நுழைகிற வழியைத்தான் நாங்கள் பக்தியோடு அடைத்திருக்கிறோம்! குளிர்ச்சிக்கென்று கட்டக் கட்டக் கொதித்திருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் அம்மா சந்தோஷமாக வந்தார். "ஆத்தாதான் ஆடா வந்து வாங்கிக்கிட்டா, பாத்தியா?" கையில் திரும்பும் பயணத்துக்குப் பெரிய கட்டு. பின்னால் முதலாளி பல் குத்திக்கொண்டு நின்றார். எனக்கு மூட்டையின் கனம் முதுகில் தெரிந்தது.

"அம்மா, முன்னால கட்டுனா ஆடு திங்குது. பின்னால மாட்டிருக்க ஸ்டெப்னியில கட்டுவோமா? போற வண்டியப் பின்னால நிண்டுதான பாக்குறாக? கண்ணும் அங்கனதான படும்?"

அவர் யோசித்தார். "அட, ஆமாப்பா."

டிரைவர் வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். எஞ்சின் சூடானால் பானெட்டைத் திறக்கும் முன் வண்டிக்கு எதிரே போய் நின்று, காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்து வைத்தது முதலாளி வீட்டு அம்மாவாக இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டாம். ஸ்டெப்னியில் ஒரு கொக்கி மாட்டி வையுங்கள்.