வாயை மூடிக்கொண்டு விழுவது எப்படி

வளைகுடாவின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, பாய்மரப் பலகைகளை வாடகைக்கு விட்டு, அதில் நின்று ஓட்டவும் கற்றுக்கொடுத்த மனிதரைக் கடற்கரை முழுக்கக் காற்று மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அங்கே பேச்சு. அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் அவரே கிளப்பிவிட்டது. கழுத்தில் விசில், தலையில் வெளுத்த தொப்பி, முகத்தில் எந்நேரமும் ஒரு ஞானியின் களை. அந்தக் களைக்குச் சோறு போட்டது ஒரு சாக்கடைக் குழாய்.

வளைகுடாவின் இடது கோடியில் பாறைத் திட்டு ஒன்று உண்டு. அதன் முதுகுப் பக்கம்தான் அந்தக் குழாயின் வாய். கடற்கரையிலேயே பெரிய ஹோட்டலும் அதை ஒட்டிய விடுதிகளும் கழித்ததெல்லாம் ஒரு தொட்டியில் சேரும். சுத்திகரிப்பு இயந்திரம் என்று ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. அது கெட்டுப்போன நாளிலிருந்து அதன்மேல் துண்டு காயப்போடுகிறார்கள். தொட்டி நிரம்பினால் பம்ப் ஆபரேட்டர் வால்வைத் திறந்து கடலில் விட்டுவிடுவார். கடல் பெரிய மனசுக்காரன், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்பது ஹோட்டல் முதலாளியின் சித்தாந்தம்.

முதலாளிக்கு அழுக்கைப் பற்றிக் கவலையில்லை, நாற்றத்தைப் பற்றித்தான் கவலை. வராந்தாவில் காபி குடிக்கும் விருந்தாளி மூக்கைப் பொத்தக்கூடாது. அதற்குக் காற்று தெரிந்த ஆள் வேண்டும். மாஸ்டரைப் பிடித்தார்கள். காற்று மணலிலிருந்து பாறைப் பக்கமாக வீசத் தொடங்கியதும் மாஸ்டர் போனை எடுத்து, "இப்பத் தொறங்க" என்பார். வால்வு திறக்கும். நாற்றம் பாறையைத் தாண்டி, ஹோட்டலில் துணி வெளுக்கிறவர்களும் அறை கூட்டுகிறவர்களும் குடியிருக்கும் தெருவுக்குப் போய்ச் சேரும். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கும் மூக்கு உண்டு என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. இந்தக் கைங்கரியத்துக்குப் பதிலாகக் கொட்டகை இருந்த இடத்தை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

இதில் ஒரு சின்ன விஷயம். நாற்றம் காற்றோடு போகும், தண்ணீர் போகாது. பாறை இடுக்கு வழியாக நீரோட்டம் எதிர்ப்பக்கம் ஓடி, விட்டதையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து வளைகுடாவுக்குள் சேர்க்கும். மாஸ்டரின் பலகைகள் மிதக்கும் அதே இடத்தில். மாஸ்டருக்கு இது தெரியும். நன்றாகவே தெரியும். நாறாத வரைக்கும் தண்ணீர் சுத்தம் என்று வாடிக்கையாளர்கள் நம்பினால் அதற்கு அவர் என்ன செய்வார்?

அந்த வாடிக்கையாளர்களையும் சும்மா சொல்லக்கூடாது. பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள், வீட்டில் தண்ணீரை மூன்று வடிகட்டி வைத்துக் குடிக்கிறவர்கள். எப்போதாவது காற்று ஏமாற்றித் திரும்பி ஒரு வீச்சு அடித்தால் முகம் சுளிப்பார்கள். மாஸ்டரிடம் ஆளுக்கேற்ற பொய் இருந்தது. வயதானவர் என்றால் பாசி அழுகுகிறது. குடும்பத்தோடு வந்தவர் என்றால் மீன் வண்டி போகிறது. உடற்பயிற்சிப் பைத்தியம் என்றால், "அயோடின் சார், நுரையீரலுக்கு அவ்வளவு நல்லது." அந்த மனிதர் நெஞ்சை விரித்து, கண்ணை மூடி, ஹோட்டல் கழிவறைகளின் வாசனையை ஆழமாக உள்ளே இழுப்பார். இன்னொரு முறையும் இழுப்பார்.

அவருடைய முதல் பாடம் மற்ற இடங்களில் இல்லாத பாடம். பாயைப் பிடிப்பதல்ல, பலகையில் நிற்பதல்ல, விழுவது. "விழாதவன் கத்துக்க மாட்டான் சார். ஆனா விழும்போது வாயை மூடிட்டு விழணும். அதுதான் டெக்னிக்." மணலில் வரிசையாக நிற்கவைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு பின்பக்கமாக விழப் பழக்குவார். என்ன ஆழமான பயிற்சி என்று அவர்கள் வியந்துபோவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் பூசணிக்காயை மறைத்துவிட்டு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பாடமும் நடத்தினார்.

வீட்டில் மட்டும் இந்த ஞானம் செல்லவில்லை. கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் குளிக்காமல் மனைவி அவரை உள்ளே விடமாட்டாள். அவர் துணிகளுக்கு என்றே தனி வாளி, அதில் மருந்துத் தண்ணீர். இருவரும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசினால் எதையாவது செய்ய வேண்டிவரும்.

ஒரே மகள். ஹாஸ்டலில் படித்து, வெளியூரிலேயே வேலை பார்த்து, அங்கேயே கல்யாணமும் ஆனவள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை கடலே இல்லாத ஊர்க்காரன். சூதுவாது தெரியாத பிள்ளை, மாமனார் மேல் அப்படியொரு பக்தி. தன் அலுவலகம் முழுக்க, "எங்க மாமா கடல்ல சொல்லிக்கொடுக்கிறவர்" என்று பெருமையடித்துவிட்டு வந்திருந்தான்.

மறுநாள் காலை கொட்டகையில் நல்ல கூட்டம். ஏதோ ஒரு கம்பெனி தன் ஆட்களைக் குழுவாக அனுப்பியிருந்தது. மணலில் எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளை ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு பலகையோடு தண்ணீர் ஓரத்தில் நிற்கிறான்.

அன்று காற்று பாறைப் பக்கம் வீசியது. விடிந்ததுமே வழக்கம்போல் போன் செய்து திறக்கச் சொன்னது அவர்தான்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. சாயங்காலமாப் பாத்துக்கலாமே."

"வெயிலெல்லாம் ஒண்ணும் பண்ணாது மாமா."

மாஸ்டர் கொட்டகையின் பின்பக்கம் ஓடி, பம்ப் ஆபரேட்டருக்குப் போன் செய்தார்.

"மூடுங்க. உடனே மூடுங்க."

"நீங்க சொல்லித்தானே மாஸ்டர் தொறந்தேன்? தொட்டி ரொம்பிக் கெடக்கு. இப்ப மூடினா ஹோட்டல் பாத்ரூம்ல எதுத்துக்கிட்டு வரும். காத்து மாறிடுச்சா?"

"காத்து மாறல."

"அப்புறம் என்ன?"

மாஸ்டர் போனை வைத்துவிட்டு முன்பக்கம் வந்தார். ஒரு வார்த்தை போதும். மாப்பிள்ளை, இறங்காதீங்க, தண்ணி சரியில்லை. அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் மணலில் விழுந்துகொண்டிருக்கும் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். அப்புறம் கொட்டகையும் இல்லை, மாஸ்டரும் இல்லை. பெற்ற மகளின் புருஷனா, தகரக் கொட்டகையா என்று அவர் மனசு தராசு பிடித்தது. தட்டு எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

"வாயை மூடிட்டு விழுங்க மாப்பிள்ளை," என்றார்.

மாப்பிள்ளை சிரிக்கிற ஜாதி. விழும்போதும் சிரித்துக்கொண்டேதான் விழுந்தான், வாய் நிறையத் திறந்தபடி. தலையை உதறிக்கொண்டு எழுந்து, கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"மாமா, கடல் தண்ணி வாயில வைக்க முடியாதபடி கரிக்கும்னு சொல்வாங்க. இங்க அவ்வளவா உப்பே இல்லையே."

கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். "நம்ம கடல் அப்படித்தான் மாப்பிள்ளை," என்றார். மகள் சிரிக்கவில்லை. கொட்டகை நிழலில் நின்றவள் மெல்ல எழும்பி வந்த அலையைப் பார்த்தாள், பிறகு பாறைத் திட்டைப் பார்த்தாள். அதன் பின்னால் ஹோட்டல் குழாய் இருப்பது சின்ன வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

"நீயும் வா," என்று மாப்பிள்ளை கையை நீட்டினான். "கடற்கரையில பொறந்துட்டு ஒரு நாள்கூட இறங்கினதில்லைன்னா வெக்கமா இல்லையா?"

அவள் செருப்பைக் கழற்றினாள். அவ்வளவுதான், மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார். யோசித்து வந்ததல்ல, கால் தானாக வந்தது.

"அவளுக்கு வேணாம் மாப்பிள்ளை. சளி உடம்பு. சின்ன வயசுலேர்ந்தே தண்ணி ஒத்துக்காது."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். சளி உடம்பு, சளி உடம்பு என்று கேட்டே வளர்ந்தவள். வெளியூரில் மழையில் நனைந்திருக்கிறாள், குளத்தில் நீந்தியிருக்கிறாள், ஒரு தும்மல் வந்ததில்லை. அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் எல்லாமே எழுதியிருந்தது.

"எனக்கு வேணாம். சரி. அவருக்குப் பரவாயில்லையாப்பா?"

"மெதுவாப் பேசும்மா. கஸ்டமர் இருக்காங்க."

அவள் முழங்கால் வரை இறங்கிப் போய்ப் புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நல்ல தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தி, "வாயைக் கொப்புளிங்க. நல்லாக் கொப்புளிங்க. அது சாக்கடை," என்றாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, "ஹோட்டல் கக்கூஸ் தண்ணி இங்கதான் வருது. யாரும் இறங்காதீங்க," என்றாள்.

கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் தலைவர் போலிருந்த ஒருவர் மூக்கை உயர்த்தி, இடமும் வலமுமாக முகர்ந்து பார்த்தார்.

"நாத்தம் எதுவும் வரலையே?"

மாஸ்டருக்கு உயிர் வந்தது. "அதான சார் நானும் கேக்கறேன். நீங்களே பாருங்க. நாறுதா?"

எல்லோரும் முகர்ந்தார்கள். நாறவில்லை. ஏதோ குடும்பச் சண்டை போலிருக்கிறது என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். பணம் கட்டியாகிவிட்டது, உடுப்பும் போட்டாகிவிட்டது. ஒவ்வொருவராக, உதட்டை இறுக்கிக்கொண்டு, தண்ணீரில் இறங்கினார்கள். கேட்பவர்கள் இப்படி இருந்தால் கேழ்வரகில் நெய் வடியாமல் என்ன செய்யும்?

மதியத்துக்குள் மாப்பிள்ளை மூன்று முறை வாந்தி எடுத்தான். அப்போதும், "பயணக் களைப்பு மாமா, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க," என்றுதான் சொன்னான். ஊருக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்வதாக மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெட்டியைக் காரில் வைத்தாள். மாஸ்டர் கொட்டகையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். கொல்லைக் குழாய்க்குப் போகக்கூட நேரமில்லை. வண்டியின் ஜன்னல் ஓரம் குனிந்து, "போயிட்டுப் போன் பண்ணும்மா," என்றார்.

மகள் துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்து மரக்கிளைகளைப் பார்த்தார். "என்னம்மா, நாறுதா? நாத்தம் வரக்கூடாதே. காத்து அந்தப் பக்கம்தானே போகுது."

"காத்து சரியாத்தாம்ப்பா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியை ஏற்றினாள்.