இரவல் சிடிகள்

அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது என் பெட்டியில் மாமியார் வைத்த சாம்பார்ப் பொடிக்கும் நான் வைத்த சிடிகளுக்கும் சண்டை வந்தது. நிறுத்துப் பார்த்தால் பெட்டி வரம்பைத் தாண்டி நிற்கிறது. எதையாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் மரியாதையாகச் சிடிகளை எடுத்திருக்க வேண்டும். நான் பொடியை எடுத்தேன். "அங்க போய் பாட்டையா கரைச்சுக் குடிப்பே?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் திருச்சியில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தி, என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சிடிகள் அவை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெட்டியில் வேறு எதுவும் இல்லை.

வந்து இறங்கியது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஓர் அபார்ட்மென்ட். மாடி வீடு. கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. கார் ஓட்டவும் தெரியாது. காலாற நடக்கலாம் என்று கிளம்பினால், நடைபாதை சிறிது தூரத்தில் முடிந்து, அதற்கு அப்பால் ஹைவேதான். அபார்ட்மென்ட் முழுக்க நம் ஆட்கள். படிக்கட்டில் ஏறினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தாளிக்கிற வாசனை வரும். ஆனால் கதவு திறக்காது. ஒரு நாள் முழுவதும் நான் வாய் திறந்து பேசியது போனில் வந்த விளம்பரக்காரனிடம் மட்டும்தான். அவன் பாவம், நான் வைக்க விடாமல் பேசியதில் அவனே போனை வைத்துவிட்டான்.

துணி துவைக்கும் அறையில்தான் கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தேன். நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணியை மெஷினில் திணித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினிலிருந்து ஒரு குரல், "அது கேசட்லயா, சிடிலயா?" என்றது. சேலத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஸ்கூல் போகிற ஒரு பெண் உண்டு. கணவர் கன்சல்டன்ட், திங்கள்கிழமை விமானம் ஏறினால் வியாழக்கிழமை ராத்திரிதான் திரும்புவார். "சிடி இருக்குக்கா, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றேன். அன்று சாயங்காலமே மேலே வந்தார். ஒரு சிடியை எடுத்துக்கொள்ள வந்தவர் இரண்டு டம்ளர் காபி குடித்து, என் கல்யாண ஆல்பம் பார்த்து, என் நாத்தனாரின் மூக்கைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்துச் சிடி திரும்பி வந்தது. கூடவே ஒரு டப்பாவில் ரிப்பன் பக்கோடா. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அது சிடிக்கும் பொருந்தும் என்று அக்காதான் ஆரம்பித்துவைத்தார். அவர் டப்பாவை நான் வெறுமனே கொடுக்க முடியுமா? அதில் கேசரி வைத்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் அதே டப்பாவில் முறுக்கோடு அவர் மறுபடி மேலே வந்தார், இன்னொரு சிடிக்கு.

அக்கா சொல்லி எதிர் பிளாக் கோயம்புத்தூர்ப் பெண் வந்தாள். அவள் சொல்லி இன்னும் சிலர். நான் சும்மா இருப்பேனா? சட்டம் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரு சிடிதான். திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. உள்ளே இருக்கும் பாட்டுப் புத்தகம் கசங்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும், நடுவில் விரல் வைக்கக் கூடாது. கோயம்புத்தூர்ப் பெண் ஒருமுறை தோசை மாவுக் கையோடு எடுத்துவிட்டு, "ஸாரி, தொடச்சுட்டேன்" என்றாள். எதால் தொடச்சே என்று கேட்டால் துப்பட்டாவாம்! பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் திட்டித் தீர்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த வாரம் எலுமிச்சை ஊறுகாயோடு வந்தாள்.

எனக்கு ஆல்பம் என்றால் முழு ஆல்பம். ஆறு பாட்டு இருந்தால் முதல் பாட்டு ஊருக்கே பிடிக்கும், இரண்டாவது கல்யாண வீட்டில் போடுவார்கள். ஐந்தாவதாக ஒன்று இருக்கும், யாரும் சீந்தமாட்டார்கள். அதைத் தள்ளிவிட சோம்பேறித்தனப்பட்டு ஓடவிட்டு, ஓடவிட்டு, மூன்றாவது மாதம் ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது அதுதான் வாயில் வரும். காசு கொடுத்து மொத்தமாக வாங்கினால்தான் அப்படி ஒரு பாட்டு வந்து மாட்டும். இதை நான் எல்லோரிடமும் பிரசங்கம் செய்வேன். அக்கா மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இந்த வாரம் எதைக் கொண்டுபோகட்டும்? நீயே எடுத்துக் குடு" என்பார்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் புலம்புவது என் வழக்கம். இன்றைக்கு எதில் கீறல், யார் அட்டையைத் தொலைத்தார்கள், யார் வீட்டுக் குழந்தை பாட்டுப் புத்தகத்தில் கலர் அடித்தது. "இனிமே ஒருத்திக்கும் குடுக்கப்போறதில்ல" என்று முடிப்பேன். மறுநாள் அழைப்பு மணி அடித்தால் ஓடுவேன். அந்த மணிச்சத்தம்தான் என்னைக் காலையில் குளிக்க வைத்தது, தலை வார வைத்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டாமா?

அவர் இன்ஜினியர். குறை என்று காதில் விழுந்தால் அதைச் சரிசெய்துவிட வேண்டும் அவருக்கு. ஒரு மாதமாக மனுஷர் என்னிடம் மூச்சு விடாமல் சிடிகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் பொங்கல் விருந்து. ஆளுக்கொரு பண்டம் சமைத்து வந்து சாப்பிட்டு முடித்த நேரம், எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். கையில் ஒரு பை.

"எல்லாருக்கும் ஒரு கிஃப்ட். இவ சிடி மொத்தத்தையும் எம்பி3 பண்ணி ஒரே டிஸ்க்ல போட்டிருக்கேன். இனிமே யாரும் சிடி கேட்டு மாடி ஏறி வரவேண்டாம். பாவம், திரும்பி வர்றதைத் தொடச்சுத் தொடச்சே இவளுக்குக் கை தேஞ்சுபோச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடாத குறைதான். ஆளுக்கொரு டிஸ்க். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டு குடுத்தீங்க?"

"நீதானே தினம் சொன்னே? கீறல் விழுது, அட்டை தொலையுதுன்னு?"

"சொன்னா உடனே செஞ்சுடறதா? மழை பெய்யுதுன்னு சொன்னா மழையை நிறுத்திடுவீங்களா?"

"முடிஞ்சா நிறுத்துவேன்" என்றார், நிஜமாகவே. இந்த மனுஷரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? 'எனக்கு ஆள் வேண்டும், பேச ஆள் வேண்டும்' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. என்னை நம்பி ஊர்விட்டு ஊர் கூட்டிவந்தவரிடம், இங்கே எனக்குத் தனியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "சரி, விடுங்க" என்று படுத்துவிட்டேன்.

அதன் பிறகு மணி அடிக்கவில்லை. முதல் வாரம், பண்டிகைக் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் வாரம், பனி என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வாரம் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. என் முகம் வாடியதைப் பார்த்துக் கணவர் ஒரு குட்டி எம்பி3 பிளேயர் வாங்கிவந்தார். இன்டர்நெட்டில் காசு கட்டி ஒவ்வொரு பாட்டாக வாங்கலாம் என்று காட்டினார். அங்கே அப்போது கிடைத்த தமிழ்ப் பாட்டு கொஞ்சம்தான், அத்தனையையும் வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் முதல் பாட்டும் இரண்டாவது பாட்டும்தான், ஐந்தாவதை யார் விற்பார்கள்? இருந்தாலும் அன்பாகக் கொடுத்தாரே என்று நாள் முழுவதும் காதில் மாட்டிக்கொண்டு வீட்டுவேலை செய்தேன். சிடி பிளேயரில் தூசி படிந்தது.

மார்ச் மாதம் என் தம்பி ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் புத்தம்புது சிடி ஒன்றைக் கொடுத்தனுப்பினான். படம்கூட வெளிவரவில்லை. இது யாரிடமும் இருக்காது! ஜவ்வுத்தாளைக்கூடப் பிரிக்காமல் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "புதுசு வந்திருக்கு, வர்றியா?"

"அதுவா? நான் முந்தாநேத்தே டவுன்லோட் பண்ணிட்டேனே. காசு கட்டித்தான் வாங்கினேன், ஒரே கிளிக்! உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் கேக்கல" என்றாள். குழந்தை அழுகிறது என்று போனை வைத்துவிட்டாள். குழந்தை பிறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஊரெல்லாம் எக்கேடோ கெட்டுப்போகட்டும். அக்காவுமா? தரைக்கு அடியில் இருந்துகொண்டு ஒரு எட்டு வந்து, இருக்கிறாயா செத்தாயா என்று கேட்கக் கூடாதா? நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கி அவர் கதவைத் தட்டினேன். அத்தனை நாளில் அவர் வீட்டுக்கு நான் போனதே இல்லை. அவர்கள்தான் என்னைத் தேடி வருவார்கள், நான் போவதில்லை.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து மிரண்டுபோனார். "என்ன ஆச்சு? யாருக்காவது ஏதாவது..."

"ஒண்ணும் ஆகல. நீங்க ஏன் மேல வர்றதில்ல?"

"உள்ள வா முதல்ல."

"ஏன் வர்றதில்லன்னு சொல்லுங்க."

அக்கா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "நீதானே வரவேணாம்னு சொல்லச் சொன்னே? அத்தனை பேர் நடுவுல உங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னு சொன்னாரே. தொந்தரவா இருந்திருக்கோமேன்னு எங்க எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

விருந்தில் எல்லோரும் சிரித்ததும் கை தட்டியதும் வேறு மாதிரி ஞாபகம் வந்தன. உள்ளே போய் உட்கார்ந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் என் கணவர் கொடுத்த டிஸ்க், உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"போட்டுக் கேக்கவே இல்லையா?"

"எதுல போடறது? லேப்டாப் அவரோட ஊர் ஊராப் போகுது. டிவிடி பிளேயர்ல எம்பொண்ணு பிஸ்கெட்டைச் சொருகி, அது போய் ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப... என்கிட்ட வாங்கிட்டு வந்த சிடி எல்லாம்?"

அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டார். "இங்கதான் வெச்சிருப்பேன். அதைத் திருப்பிக் குடுக்க மேல வரலாம்ல? அப்புறம் நீ மேல போட்டா இங்க நல்லாவே கேக்கும். சமையல்கட்டுல நின்னா இன்னும் நல்லாக் கேக்கும். இப்பல்லாம் நீ போடறதே இல்ல. என் மேல ரொம்பக் கோவம் போலன்னு நெனச்சேன்."

பக்கத்து அறையிலிருந்து அவர் பெண் எட்டிப் பார்த்து, "மாம், ஒய் இஸ் ஆன்ட்டி க்ரையிங்?" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏன்க்கா, தனியா இருக்கு, வரணும்போல இருக்குன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கத்தினேன்.

அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நீ மட்டும் சொன்னியா?" என்றார்.